நிரல்படப் பேசுவோம்

(இளைஞர்க்கான பேச்சுப் பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரை)



பேச்சுக்கு அணியமாவது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. குரலை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது, கையை எப்படி அசைப்பது என்பனவற்றையெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் நன்கு விளக்கினார்கள். நான் மேடையைப் பற்றிப் பேசப்போவதில்லை. மேடையேறுவதற்கு முதல்நாள், வீட்டுத் திண்ணையில், ஒரு தாளையும் ஓர் எழுதுகோலையும் வைத்துக்கொண்டு நாம் செய்யவேண்டிய வேலையைப் பற்றியே பேசப்போகிறேன். அந்த வேலையைச் செய்யாமல் மேடையேறியதால் நேர்ந்த ஒரு கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டை விளைத்தவன் வேறெவனும் அல்லன், நானே.

அப்போது எனக்கு 22 அகவை. கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் பரிசுகள் வாங்கி, நாவலன் என்னும் செருக்கோடு ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் ஊர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடந்தது. ஐப்பசி மழைக்கு முன் அதைத் தோண்டியாக வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தால் பன்னிரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். புரட்டாசித் தொடக்கத்தில் ஊரைக் கூட்டினார்கள். "படித்த பிள்ளை, நீயே எடுத்துச் சொல் தம்பி" என்று என்னைப் பேசவிட்டார்கள்.

பேசினேன் தோழர்களே, ஒன்றேகால் மணி நேரம் பேசினேன்! கரிகாலன் கட்டிய கல்லணையில் தொடங்கினேன். சோழர் வெட்டிய ஏரிகளை அடுக்கினேன். நீரின் பெருமை, உழவின் பெருமை, தமிழனின் பெருமை என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தேன். கைதட்டல் எழுந்தது. எங்கள் வரத்துக்காலைப் பற்றி இரண்டு சொற்றொடர் சொன்னேனா, மூன்று சொன்னேனா, நினைவில்லை. இருட்டிவிட்டது. குழந்தைகள் அழத் தொடங்கின. கூட்டம் கலைந்தது. மறுநாள் காலையில் வரத்துக்காலில் ஒருவரும் இல்லை.

புரட்டாசிக் கடைசியில் மீண்டும் ஊர் கூடியது. இம்முறை எழுத்தறியாத ஒரு முதிய உழவர் பேசினார். பத்து மணித்துளிகூட ஆகியிராது. வாய்க்கால் தூர்ந்திருப்பது எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, அதனால் ஏரிக்கு வராமல் போகும் நீரால் காயப்போவது யார் யாருடைய நிலம், தோண்டுவதற்கு எத்தனை ஆள் வேண்டும், எந்தத் தெருவார் எந்தப் பகுதியை எடுத்துக்கொள்வது, நாளை விடியலில் எந்த மரத்தடியில் கூடுவது - இவ்வளவுதான் சொன்னார். விடியுமுன் அந்த மரத்தடியில் ஊரே நின்றது.

ஆனால் காலம் கடந்துவிட்டது. பாதி தோண்டுவதற்குள் மழை வந்தது. முதல் வெள்ளம் தோண்டாத பகுதியில் கரையை உடைத்துக்கொண்டு ஓடையில் பாய்ந்து வீணானது. ஏரி பாதிதான் நிரம்பியது. தை பிறப்பதற்குள் மடையில் நீர் நின்றுவிட்டது. கதிர் பிடிக்கும் வேளையில் நீரின்றிக் கடைமடை வயல்களெல்லாம் சாவியாய்ப் போயின. அங்கே நிலம் வைத்திருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ நல்லாத்தான் பேசினே தம்பி. ஆனா, மண்வெட்டியை எடுத்துக்கிட்டு என்னைக்கு வரணும்னு நீ சொல்லவே இல்லையே!"

அவர் சினந்து சொல்லவில்லை, வருந்தியும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தான் இன்றும் அது என்னைச் சுடுகிறது. அன்று கற்றதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

தோழர்களே, என் பேச்சில் இல்லாததும் அம்முதியவர் பேச்சில் இருந்ததும் எது? அறிவா? ஏடறிந்தவன் நான். சொல்வளமா? அதுவும் என்னிடமே மிகுதி. அவரிடம் இருந்தது நிரல். எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எதில் முடிப்பது என்னும் ஒழுங்கு. திருவள்ளுவர் சொல்வன்மை என்னும் 65ஆம் அதிகாரத்தில் இதைத்தான் சுட்டினார். செய்திகளை நிரல்படக் கோத்து இனிமையாகச் சொல்ல வல்லவர் கிடைத்தால், உலகம் அவர் சொன்னதை விரைந்து கேட்டுத் தொழிற்படும் என்பது அவர் கருத்து. இனிமையை மட்டும் அவர் கேட்கவில்லை; நிரலையும் சேர்த்தே கேட்டார். கைதட்டலைப் பயனாகச் சொல்லவில்லை. தொழிலையே பயனாகச் சொன்னார். என் பேச்சில் இனிமை இருந்தது, நிரல் இல்லை. ஆகவே கைதட்டல் கிடைத்தது, தொழில் நடக்கவில்லை.

இந்த நிரலைப் பற்றி நம் முன்னோர் எண்ணாமல் இல்லை. தொல்காப்பிய மரபியலும், 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் யாத்த நன்னூலின் பாயிரமும் நூலுக்குரிய குற்றங்களையும் 32 உத்திகளையும் வகுத்துரைக்கின்றன. அவை நூல் செய்வார்க்குச் சொல்லப்பட்டவை. எனினும் பேச்சுக்கும் அப்படியே பொருந்தும். நன்னூலார் சொல்லும் பத்து அழகுகளுள் முறையின் வைப்பு என்பதும் ஒன்று. பத்துக் குற்றங்களையோ, நான் அன்று ஊர் மேடையில் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன் என்றே சொல்லலாம். வாய்க்காலைப் பேச வந்தவன் கல்லணையைப் பேசினேன். அது மற்றொன்று விரித்தல். முழக்கத்தோடு தொடங்கி முனகலோடு முடித்தேன். அது சென்று தேய்ந்து இறுதல். கேட்டவர் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அது நின்று பயன் இன்மை.

மேலை நாட்டாரும் இதை ஆராய்ந்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிசுட்டாட்டில், பேச்சுக்கலை பற்றிய தம் நூலில், ஒரு பேச்சுக்கு இன்றியமையாத பகுதிகள் இரண்டே என்றார். சொல்ல வந்ததைச் சொல், அதை நிறுவு. இவ்விரண்டுக்கு முன்னே ஒரு தோற்றுவாயும் பின்னே ஒரு முடிப்புரையும் சேர்த்தால் நான்கு. அதற்குமேல் வேண்டா என்பது அவர் துணிபு. உரோம நாட்டுச் சிசரோ காலத்தில் பேச்சாளனின் வேலையை ஐந்தாகப் பகுத்தார்கள். கருத்தைத் தேடுதல், தேடியதை அடுக்குதல், அடுக்கியதற்குச் சொல் அமைத்தல், நினைவில் நிறுத்துதல், எடுத்துரைத்தல் என்பன அவை. ஐந்தில் நான்கு வேலைகள் மேடையேறுமுன் முடியவேண்டியவை என்பதைப் பாருங்கள். நாமோ ஐந்தாவதை மட்டும் செய்துவிட்டுப் பேச்சாளர் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இனி, திண்ணை வேலைக்கு வருவோம். தாளை எடுங்கள்.

முதலாவது, நீங்கள் பேசப்போவதை ஒரே சொற்றொடரில் எழுதுங்கள். தலைப்பை எழுதினால் போதாது. 'நீர்வளம்' என்பது தலைப்பு. அதற்குள் ஏழு கடலும் அடங்கும். 'நம் வரத்துக்காலை ஐப்பசிக்குள் நாமே தோண்டவேண்டும்' என்பதே கருத்து. கேட்டவர் வீட்டுக்குப் போய், என்ன பேசினார் என்று கேட்கும் மனைவிக்கோ கணவனுக்கோ ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக அது இருக்கவேண்டும். அச்சொற்றொடரை எழுத உங்களுக்கு இயலவில்லையென்றால், பேச உங்களிடம் இன்னும் ஒன்றும் இல்லை என்று பொருள். நன்னூலார் நுதலிப் புகுதல் என்று இதைத்தான் முதல் உத்தியாக வைத்தார்.

இரண்டாவது, முடிவை எழுதுங்கள். தொடக்கத்தை அன்று, முடிவை. கேட்டவர் எழுந்து போகும்போது என்ன செய்யவேண்டும், அல்லது எதை உறுதியாக நம்பவேண்டும்? வண்டி பூட்டுமுன் போகும் ஊரைத் தீர்மானிப்பதுபோல் அது. செயலைக் கேட்பதானால் யார், என்றைக்கு, எங்கே, எதைக் கொண்டு என்பதுவரை எழுதுங்கள். மண்வெட்டியை மறவாதீர்கள்.

மூன்றாவது, அம்முடிவுக்கு அவையோரை அழைத்துச் செல்லும் படிகளை எழுதுங்கள். மூன்று போதும், நான்கு பொறுக்கலாம், ஏழு கூடாது. படிக்கிறவன் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பான். கேட்கிறவனுக்குத் திருப்பிப் பார்க்கப் பக்கம் இல்லை. உங்களிடம் பத்துக் கருத்துகள் இருந்தால் அவற்றை இனம் பிரித்து மூன்று தலைப்பின்கீழ் அடக்குங்கள். தொகுத்துச் சுட்டலும் வகுத்துக் காட்டலும் இதற்கே. முதலில் "மூன்று செய்திகள்" என்று தொகுத்துச் சொல்லிவிட்டு, பின் ஒவ்வொன்றாக வகுத்துச் சொன்னால், அவையோர் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை அறிந்து உடன் வருவார்கள்.

நான்காவது, படிகளை எந்த ஒழுங்கில் வைப்பது என்று தேர்ந்துகொள்ளுங்கள். வரலாறு பேசினால் கால ஒழுங்கு. ஊரையோ நாட்டையோ விளக்கினால் இட ஒழுங்கு. ஒரு சிக்கலைத் தீர்க்கப் பேசினால், நோய் எது, அதன் வேர் எது, மருந்து எது என்னும் ஒழுங்கு. அம்முதிய உழவர் கையாண்டது இந்த மூன்றாம் முறையே. வாய்க்கால் தூர்ந்தது, நிலம் காயும், இத்தனை ஆள் தோண்டலாம் என்றார். இவ்வொழுங்குகளை ஒரே பேச்சில் கலக்காதீர்கள். கலந்தால் அது மயங்க வைத்தல் என்னும் குற்றம்.

ஐந்தாவது, ஒவ்வொரு படியின்கீழும் சான்று ஒன்றும் ஒப்புமை ஒன்றும் எழுதுங்கள். ஏதுவின் முடித்தல், ஒப்பின் முடித்தல் என்று நம் நூலார் சொன்னவை இவை. ஏது அறிவுக்கு, ஒப்பு உள்ளத்துக்கு. எண்ணிக்கை சொல்வதானால் ஒன்றோ இரண்டோ சொல்லுங்கள். அதையும் கேட்பவன் தன் கையால் தொடக்கூடியதாக ஆக்குங்கள். இவ்வளவு நீர் என்பதைவிட, இந்நீரால் நம் கீழைத்தெரு வயல்கள் ஒரு போகம் விளையும் என்பது உழவன் நெஞ்சில் பதியும். ஐயத்துக்கு இடமான செய்தியை அடித்துவிடுங்கள். ஒரு பொய்ச் செய்தி அகப்பட்டுவிட்டால் ஒன்பது மெய்ச் செய்திகளையும் அவை நம்பாது.

ஆறாவது, மறுப்பவன் என்ன சொல்வான் என்பதையும் தாளிலேயே எழுதி, அதற்கு விடையையும் எழுதுங்கள். நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின் களைதல் என்பது ஒன்று. எவ்வளவு பெருந்தன்மையான முறை அது! எதிராளியின் கருத்தை அவனே ஒப்பும்படி முதலில் சொல்லிவிட்டு, பிறகு அதன் குறையைக் காட்டுவது. அவனைப் பழித்து வாயடைப்பது எளிது. ஆனால் பழிக்கப்பட்டவன் உங்கள் பக்கம் வரமாட்டான். "மேட்டுத்தெருவார்க்கு இந்த ஏரியால் பயனில்லையே, அவர்கள் ஏன் வரவேண்டும் என்று கேட்பது முறைதான்" என்று அம்முதியவர் தாமே கேட்டுக்கொண்டு, ஏரி நிறைந்தால்தான் மேட்டுத்தெருக் கிணறு ஊறும் என்று விடையும் சொன்னார். மேட்டுத்தெருவார் மறுநாள் முதல் ஆளாக வந்தார்கள்.

ஏழாவதாக, எல்லாம் முடிந்தபின் தொடக்கத்தை எழுதுங்கள். வீடு கட்டி முடிந்தபின்தான் வாயில் எங்கே என்பது தெளிவாகும். தொடக்கம் குறுகியதாக இருக்கட்டும். கூட்டத்தில் இருப்பவர் பெயரையெல்லாம் கால் மணி நேரம் விளிப்பதும், எனக்குப் பேசத் தெரியாது என்று பொய்யடக்கம் காட்டுவதும் தொடக்கம் ஆகா. அவையோர் ஏற்கெனவே கவலைப்படும் ஒன்றிலிருந்து தொடங்கி, நேரே உங்கள் ஒரு சொற்றொடருக்கு வாருங்கள்.

இவ்வளவையும் எழுதியபின், உள்ளங்கையளவு அட்டை ஒன்றில் குறிப்புச் சொற்களை மட்டும் பெயர்த்தெழுதுங்கள். முழுப் பேச்சையும் எழுதிப் படிப்பவன் தாளைப் பார்ப்பான், அவையைப் பாரான். முழுதும் நெட்டுருப் போட்டவன் ஒரு சொல் தவறினால் ஒன்பது சொல்லும் தவறி நிற்பான். அட்டை வைத்திருப்பவனோ வழி தவறினாலும் அடுத்த படியைப் பிடித்துக்கொள்வான். ஒவ்வொரு படிக்கும் எதிரே நேரத்தைக் குறியுங்கள். 20 மணித்துளி தரப்பட்டால் தொடக்கத்துக்கு 2, முடிவுக்கு 3, படிகளுக்கு 15. தலைவர் மணி அடிக்கும்போது பெரும்பாலோர் வெட்டி எறிவது முடிவுரையைத்தான். உயிரை எறிந்துவிட்டு உடலைக் காப்பது போன்றது அது. நேரம் குறைந்தால் நடுவிலுள்ள ஒரு படியை விடுங்கள்; முடிவை விடாதீர்கள்.

இதெல்லாம் சிற்றூர்க் கூட்டத்துக்குத்தான் பொருந்தும் என்று எண்ணவேண்டா. 1863ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், அமெரிக்காவில் கெட்டிசுபர்க்கு என்னுமிடத்தில், உள்நாட்டுப் போரில் மாண்ட மறவர்க்கான கல்லறை நிலத்தை ஒப்படைக்கும் விழா நடந்தது. அந்நாளின் புகழ்பெற்ற நாவலரான எட்வர்டு எவரெட்டு இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து, குடியரசுத் தலைவர் ஆபிரகாம் இலிங்கன் ஏறத்தாழ இரண்டு மணித்துளி பேசினார். ஏறத்தாழ 270 சொற்கள். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த 270 சொற்களையே. இரண்டு மணி நேரத்தில் தாம் நெருங்கிய அளவுக்கு மேலாக, இரண்டு மணித்துளியில் இலிங்கன் அந்நாளின் உட்கருத்தை நெருங்கிவிட்டார் என்னும் பொருள்பட எவரெட்டே மறுநாள் மடல் எழுதினார்.

அப்பேச்சின் எலும்பைப் பாருங்கள். மூன்றே படிகள். எண்பத்தேழு ஆண்டுகளுக்குமுன் நம் முன்னோர் எந்தக் கொள்கையில் இந்நாட்டை நிறுவினர். இன்று அக்கொள்கை நிலைக்குமா என்பதைப் போர் ஆய்ந்துகொண்டிருக்கிறது. மாண்டவர் விட்டுச்சென்ற பணியை முடிப்பது உயிரோடிருக்கும் நம் கடன். நேற்று, இன்று, நாளை. நாளை என்பதில் கேட்பவனுக்கு வேலை. அவர் தொடர்வண்டியில் போகும்போது ஏதோ ஓர் உறையின் பின்புறத்தில் கிறுக்கிய பேச்சு அது என்று ஒரு கதை உண்டு. அது மெய்யன்று. தலைநகரிலேயே எழுதத் தொடங்கி, திருத்தி, செப்பம் செய்த பேச்சு அது. அவர் கையெழுத்திலேயே ஐந்து படிகள் இன்றும் உள்ளன. குறுகிய பேச்சுக்குத்தான் நெடிய உழைப்பு வேண்டும்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1963ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள், அதே இலிங்கனின் நினைவகப் படிகளில் நின்று, ஏறத்தாழ இரண்டரை இலக்கம் மக்கள்முன் மார்ட்டின் இலூதர் கிங்கு பேசினார். எழுதி அணியப்படுத்திய உரை அவர் கையில் இருந்தது. நூறாண்டுக்கு முன் தந்த விடுதலை உறுதிமொழி, அது இன்னும் நிறைவேறாமை, இனிக் காத்திருக்க இயலாமை, போராட்டத்தில் வன்முறை கூடாமை என்று நிரலாக வந்தார். பேச்சின் இறுதிப் பகுதியில் தாளை விட்டு விலகித் தம் கனவைச் சொன்னார். உலகப் புகழ் பெற்ற அப்பகுதி தாளில் இல்லாதது. பார்த்தீர்களா, குறிப்பு இல்லாமல் பேசுவதே சிறப்பு என்று சிலர் சொல்லக்கூடும். அன்று. அக்கனவுப் பகுதியை அவர் அவ்வாண்டு சூன் திங்களிலேயே திட்டிராய்ட்டு நகரில் பேசிப் பழகியிருந்தார். வழியை அறிந்தவனே வழியை விட்டு விலகித் திரும்பவும் முடியும். வழியே அறியாதவன் விலகினால் அதற்குப் பெயர் தொலைந்துபோதல்.

இறுதியாக, தமிழ் நெஞ்சம் கொண்ட உங்களிடம் மட்டும் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ் மக்கள்முன்னும் அரசியல் தலைவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதே பெருமை என்றிருந்தது. திரு.வி.க. போன்றவர்கள் அம்மேடையைத் தமிழ் மேடையாக்கினார்கள். அந்த மேடை நமக்கு எளிதாகக் கிடைத்ததன்று. அதைப் பாழாக்கும் உரிமை நமக்கில்லை. தூய தமிழ் என்றால் அரிய தமிழ் என்று சிலர் மயங்குகிறார்கள். மரத்தடி, வாய்க்கால், விடியல், மண்வெட்டி என்று அம்முதிய உழவர் பேசியது தூய தமிழ் இல்லையா? புதுச்சொல்லை ஆளுங்கள், ஆனால் அதன் பொருள் அதே சொற்றொடரில் விளங்கும்படி ஆளுங்கள். ஒரு பேச்சில் இரண்டு புதுச்சொற்களை மக்கள் வீட்டுக்குக் கொண்டுபோனால் அது வெற்றி. இருபதை வீசினால் ஒன்றும் போய்ச்சேராது. தமிழ் கடினம் என்னும் பழிதான் போய்ச்சேரும். நம் மொழியின்மேல் அப்பழியைச் சுமத்தும் வேலையை நாமே செய்யலாமா?

தோழர்களே, அந்தப் பாட்டி இன்று இல்லை. சாவியாய்ப்போன அந்தக் கதிரை நான் மீட்டுத் தர இயலாது. ஆனால் அன்று முதல், உள்ளங்கை அட்டையில்லாமல் நான் எந்த மேடையும் ஏறியதில்லை. இதோ, இன்றைய அட்டையும் என் கையில் இருக்கிறது. இதன் கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறேன் என்று படிக்கிறேன், கேளுங்கள்:

இன்றிரவு உணவுக்குப்பின் ஒவ்வொருவரும் தம் ஊருக்கு உடனே வேண்டிய ஒன்றைத் தேர்ந்துகொள்ளவேண்டும். அதை ஒரே சொற்றொடரில் எழுதவேண்டும். அதன்கீழ் முடிவு, அதன்கீழ் மூன்று படிகள். நாளைக் காலை ஆறு மணிக்கு, இக்கூடத்தின் முன்னுள்ள வேப்பமரத்தடியில், அவ்வட்டையோடு கூடவேண்டும். ஆளுக்கு ஐந்து மணித்துளி.

மண்வெட்டியை எடுத்து வாருங்கள்.